ஏழு மாடியில எங்கய்யா பேரு இல்ல

வாங்க டீச்சர், உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், ஒண்ணும் ஆவாது. அந்த நாக்காலி வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல இரிங்க. ஏட்டி ராஜகனி, ஏழு மாடி விசயமா டீச்சர் வந்திருக்காவ, காப்பி போடு. எம் பொஞ்சாதிதான்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலேஜ்ல சரித்திரம் நடத்துதேன், ஏழு மாடி சரித்திரம் விசயமா வந்திருக்கேன்னு வாசல்ல வச்சே சொல்லிட்டியள்லா, அது போதும். மிச்சம் எனக்குத் தெரியும். ஏழு மாடி மேனேசரு மச்சாது சாரு அனுப்பியிருப்பாரு. அந்த லிங்கதுரை சத்தம் போட்டுக்கிட்டே அலையுதான், போயி நாலு வார்த்தை நல்லபடியாப் பேசி அமத்திட்டு வாங்கன்னு சொல்லியிருப்பாரு. பேசலாம். நல்லாப் பேசலாம். ஆனா மொதல்ல நான் பேசிக்கிடுதேன். ரெண்டு மாசமா ஒரு பயலும் என்னைய முழுசாப் பேச விடல. நான் வாயத் தொறந்தா அவனவன் செல்போன எடுத்துக் காதுல வைக்கான்.

ஒண்ணு கேக்கேன். ஒரு எடத்துல ஒரு கட்டடம் நிக்கி. அத எடுக்காம அங்கன இன்னொரு கட்டடம் கட்ட முடியுமா? முடியாதுல்லா? அப்போ எடுத்தவன் பேரு வேணுமா வேண்டாமா? அவ்வளவுதான் என் கேள்வி. எனக்குச் சால்வை வேண்டாம், மேடையில நாக்காலி வேண்டாம், கறிச்சோறு வேண்டாம். எங்கய்யா பேரு. பலவேசம். அஞ்சு எழுத்து. அத அந்தக் கல்லுல போட இவனுவளுக்கு எடம் இல்லயாம்.

ஏழு மாடியப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? அலைவாய் மாளிகைன்னு பேரு வச்சிருக்கானுவ, ஆனா எந்த ஆட்டோக்காரன்கிட்டயாவது அலைவாய் மாளிகைக்கு விடுன்னு சொல்லிப் பாருங்க, முழிப்பான். ஏழு மாடின்னாத்தான் விடுவான். தூத்துக்குடியில மொதமொதல்ல லிஃப்ட் வச்சது அதுலதான். கப்பல் ஏஜெண்டு, சுங்கத்துல சரக்கு எடுத்துக் குடுக்கவன், இன்சூரன்ஸ்காரன், அம்புட்டுப் பேரு ஆபீசும் அதுக்குள்ளதான். மீன் பிடிக்கப் போனவன் திரும்பி வரும்போது மொதல்ல கண்ணுல படுறது கோயில் கோபுரமும் இல்ல, மாதா கோயிலும் இல்ல, ஏழு மாடிதான். அப்பேர்ப்பட்ட கட்டடம். அதுக்கு அம்பது வருசம் ஆச்சுன்னு விழா எடுத்தானுவ.

எனக்குப் பத்திரிகை கெடையாது. சரி, கணக்குல விட்டுப்போயிருக்கும்னு நெனச்சேன். நெசமாத்தான் சொல்லுதேன், நல்லாத்தான் நெனச்சேன். வெள்ளைச் சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு, எங்கய்யா போட்டாவ ஒரு கவருக்குள்ள வச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். பேரு வாசிக்கும்போது போட்டா இருக்கான்னு கேட்டா, இல்லன்னு சொல்லப் பிடாதுல்லா? அதுக்காக.

வாசல்ல ஒரு கறுப்புக் கல்லு. பட்டுத்துணி போட்டு மூடியிருந்தாவ. கயித்த இழுத்தாவ, துணி விழுந்துச்சு, எல்லாரும் கை தட்டுனாவ. தங்கக் கலர்ல எழுத்து. 'இந்த இடத்தின் வரலாறு'ன்னு தலைப்பு. நான் கூட்டத்துக்குப் பின்னால எக்கி நின்னு வாசிச்சேன். வெள்ளைக்காரன் காலத்துல இங்கன உப்பு மூட்டை போட்டு வைக்கிற கிட்டங்கி இருந்துச்சுன்னு போட்டிருக்கு. அதக் கட்டுன வெள்ளைக்காரன் பேரு இருக்கு. மாளிகை கட்டுன கப்பல் மொதலாளி பேரு இருக்கு, அவரு மகன் பேரு இருக்கு, பேரன் பேரு இருக்கு. அந்தப் பேரன் என்னத்தக் கட்டுனான்? மெட்ராசுல இருந்து வந்து கட்டடப் படம் வரைஞ்சவன் பேரு இருக்கு. லிஃப்ட் கம்பெனி பேரு இருக்கு டீச்சர்! லிஃப்ட் கம்பெனி! வாரத்துல மூணு நாளு ஓடாத லிஃப்ட்டு. அதுக்குப் பேரு.

நடுவுல ஒரே ஒரு வரி. 'பழைய கிட்டங்கி அகற்றப்பட்டு'. ஆரு அகத்துனா? அதுவா எந்திச்சு பஸ் ஏறிப் போச்சா? பக்கத்துல நின்ன ஒரு ஆளுகிட்ட சொன்னேன், அண்ணாச்சி, இத அகத்துனது எங்கய்யான்னு. அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, அப்பிடியா, சாப்பாடு அந்தப் பக்கம்னாரு. சோத்துக்கு வந்தவன்னு நெனச்சுட்டான், சவம்.

உப்புக் கிட்டங்கிய இடிக்கது லேசுல்ல டீச்சர். நான் அப்போ கைப்பிள்ளை. எல்லாம் அய்யா சொல்லிக் கேட்டதுதான், ஆனா நூறு தடவ கேட்டிருக்கேன். நூறு வருசத்துக்கு மேல உப்பு கெடந்த சொவரு அது. கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுனது. ஆள் ஒருத்தன் குறுக்க படுக்கலாம், அம்புட்டுக் கனம். கடப்பாரைய எறக்குனா சொவருக்குள்ள இருந்து உப்புப் பொடியாக் கொட்டுமாம். வேர்வையில உப்பு, அதுக்கு மேல இந்த உப்பு. வேலைக்கு வந்தவன் பூராப் பேருக்கும் கால் வெரல் இடுக்குல புண்ணு. பாதிப் பேரு ஓடிட்டானுவ. அய்யா ஓடல. மிஷினு ஏது அப்போ? சம்மட்டி, கடப்பாரை, கயிறு. மேக்குச் சொவரு சாயும்போது ஒரு உத்தரம் எறங்கி எடது கையில ரெண்டு வெரலு போச்சு. துண்ட எடுத்துச் சுத்திக்கிட்டு, சொவரு முழுசா விழுந்த பெறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாவ. பெறகெல்லாம் ஏழு மாடியத் தாண்டும்போது, 'ஏலே, என் வெரலு ரெண்டும் அதுக்கு அடியிலதான் கெடக்கு, அதான் அது நேரா நிக்கி'ன்னு சொல்லிச் சிரிப்பாவ. சிரிச்சா இருமல் வரும். அந்தச் சுண்ணாம்புத் தூசிதான் நெஞ்சுல எறங்கி, நான் கலியாணம் முடிச்ச வருசம் இருமியே போயிச் சேந்தாவ.

அந்த மனுசன் பேரு கல்லுல இல்ல. லிஃப்ட் கம்பெனி பேரு இருக்கு.

காப்பிய எடுங்க, ஆறிப்போவும். என்ன, ஏதோ சொல்ல வாறிய? இருங்க, நான் முடிச்சிருதேன். இப்பத்தான் தொடங்கியிருக்கேன்.

மறுநா மச்சாது சாரப் பாக்கப் போனேன். அவருதான ஏழு மாடிக்கு மேனேசரு. ஆபீசு நாலாவது மாடியில. லிஃப்ட் ஓடல, கேட்டியளா! அந்தப் பேரப் போட்ட மறுநாளே ஓடல. ஏறிப் போனேன். வெளிய ஒரு பிளாஸ்டிக் நாக்காலியில உக்கார வச்சானுவ. உள்ள கூப்பிடும்போது மதியம் ஆயிட்டு. மச்சாது சாரு நல்ல மனுசன்தான், இல்லங்கல. மேசையில இருந்த மெக்ரூன நீட்டி, எடுத்துக்கோங்க அண்ணாச்சின்னாரு. நான் திங்க வந்தேனா? விசயத்தச் சொன்னேன். அவரு சிரிச்சிட்டு, 'அண்ணாச்சி, கட்டுனவங்க பேருதான் போடுவாங்க. இடிச்சவங்க பேரு எந்த ஊர்லயும் போடுறதில்ல'ன்னாரு.

எனக்கு எப்பிடி இருக்கும்? எங்கய்யா இடிக்காட்டி நீரு இந்த நாலாவது மாடியில உக்காந்து மெக்ரூன் தின்பீரா ஓய்னு கேட்டுட்டேன். அவரும் கோவப்படல. ஒண்ணு கேட்டாரு பாருங்க, அதுலதான் எனக்குத் தலை வெடிச்சிப் போச்சு. 'பழைய கிட்டங்கிச் சாமான் ஏதாவது உங்க வீட்ல கெடக்கா? ஒரு கல்லு, கதவு, பூட்டு, எதுனாலும் சரி. கெடந்தா கொண்டாங்க, கீழ கண்ணாடிக்குள்ள வைக்கலாம், அதோட சேத்து உங்கப்பா பேரு விசயத்தையும் பாக்கலாம்'ங்காரு.

புரியுதா டீச்சர்? எங்கய்யா அங்கன இருந்து சாமானத் திருடிட்டுப் போயிட்டாவ, அத மகன் வீட்ல பதுக்கி வச்சிருக்கான், நைசாக் கேட்டு வாங்கணும். அதான அர்த்தம்? வேற என்ன அர்த்தம்? நாங்க பழைய கட்டடத்துச் சாமான் யாவாரம் பண்ணுதவுகதான். கதவு, நெலை, உத்தரம், தூணு, எல்லாம் காண்ட்ராக்டுல எங்களுக்குன்னு பேசித்தான் எடுப்போம். திருட்டு கெடையாது. நான் எந்திச்சு நின்னு சொன்னேன், மச்சாது சார், எங்கய்யா கை ரெண்டு வெரலு கொறஞ்ச கை, ஆனா சுத்தமான கை. உங்க கிட்டங்கியில இருந்து ஒரு துரும்பு எங்க வீட்ல கெடையாதுன்னு. படபடன்னு எறங்கி வந்துட்டேன். மெக்ரூனத் தொடல.

துரும்பு கெடையாதுன்னு சொன்னது... அதுல ஒரு சின்ன விசயம் இருக்கு. உங்ககிட்ட சொல்லலாம், நீங்க படிச்சவுக. எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. வெளியாளுகிட்ட பேசமாட்டோம். இடிக்கிற கட்டடத்துக்கு ஒரு கோவம் இருக்கும். இருக்காதா? நின்னுக்கிட்டு இருக்கவன நெத்தியில அடிச்சா கோவம் வராதா? அந்தக் கோவம் எந்தக் கல்லுல இருக்குன்னு பாத்து, அந்த ஒரு கல்ல மட்டும் இடிச்சவன் தன் வீட்டுக்குக் கொண்டு போயிரணும். விக்கப் பிடாது. முகத்தக் கவுத்திப் போடணும். தெனமும் அதுமேல தண்ணி படணும். பட்டுப் பட்டு அது கோவம் ஆறும். பெறகு குடும்பத்துக்கு ஒண்ணும் செய்யாது. இது திருட்டுல சேருமா? சேராது. இது சொமை. எங்கய்யா அதையும் சொமந்தாவ.

கிட்டங்கியில கோவம் எங்கன இருந்துச்சுன்னா, கிணத்துல. முத்தத்துல ஒரு கிணறு. சுத்தியும் உப்பு, அந்தக் கிணத்துல மட்டும் எளநி கணக்காத் தண்ணி. அஸ்திவாரத்துக்கு அத மூடணும்லா? மூட வண்டியில மண்ணு வந்து எறங்குது, எங்க இருந்துன்னு தெரியல, பொம்பளைய வந்துட்டாளுவ. பழைய காலத்துல உப்புப் பெட்டி சொமந்த கெழவிய. சுத்தி உக்காந்துக்கிட்டு எந்திக்க மாட்டேங்காளுவ. இது எங்க கிணறு, எங்க ஆத்தாமாரு தோண்டுன கிணறுங்காளுவ. நீங்களே சொல்லுங்க, பொம்பளைய எங்கயாவது கிணறு தோண்டுவாளுவளா? எறைக்கதத்தான் பாத்திருக்கோம். போலீசு வந்து ஒவ்வொருத்தியாத் தூக்கி வெளிய விட்டுச்சாம். அதுல ஒருத்தி மண்ண வாரி எங்கய்யா தலையில தூத்திட்டா. அய்யாவுக்கு அன்னைக்கிக் காய்ச்சல். கிணத்து மேட்டுல நட்டு வச்சிருந்த கல்லு ஒண்ணு, அதுலதான் கோவம் இருக்குன்னு முடிவு பண்ணி, மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டாந்து, நம்ம பின்வாசல்ல கவுத்திப் போட்டாவ. துவைக்கிற கல்லு. எங்கம்மா அதுல தொவைச்சா, அவளுக்குப் பெறகு ராஜகனி தொவைக்கா. அம்பது வருசமா சோப்புத் தண்ணி குடிச்சிருக்கு. கோவம் ஆறாம என்ன செய்யும்?

என்ன டீச்சர், எந்திச்சிட்டிய? கால் மரத்துப்போச்சா? இரிங்க, இரிங்க. முக்கியமான எடத்துக்கு இப்பத்தான் வாரேன்.

மச்சாது சார்கிட்ட இருந்து வந்த அன்னைக்கி எனக்குச் சோறு எறங்கல. பின்வாசல்ல போயி உக்காந்தேன். ராஜகனி தொவைச்சுக்கிட்டு இருக்கா. பாத்துக்கிட்டே இருந்தேன். சட்டுன்னு தோணுச்சு. ஏல லிங்கதுரை, நீ எதுக்குலே அவனுவகிட்டப் போயி கெஞ்சுத? கல்லு உன் வீட்டுலயே கெடக்கு. அந்தக் கிட்டங்கிக் கல்லு. அந்தக் கல்லுலயே எங்கய்யா பேர வெட்டி, லோடு ஆட்டோவுல ஏத்தி, ஏழு மாடி கேட்டுக்கு முன்னால நட்டுட்டா? ரோட்டு ஓரம் அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? கடைக் கல்ல வாங்கி வெட்டுனா அது வெறும் கல்லு. இது அந்த எடத்துக் கல்லு. நெசமான கல்லு. என்ன சொல்லுதிய? நல்ல யோசனைதான?

ராஜகனி குறுக்க விழுந்தா. அவ பொறந்த வீடு உப்பளத்து வீடு, அதுக்குத் தக்கன பிடிவாதம். 'முகத்தத் திருப்பாதிய, மாமா திருப்பப் பிடாதுன்னு சொல்லியிருக்காவ, பெறகு நான் எதுல தொவைக்க'ன்னு கேட்டா. வாஷிங் மிஷின் வாங்கித் தாரேன்னு சொன்னேன். வாங்கணும். இப்போதைக்கி சிமெண்டுத் தரையில தொவைக்கா.

சூசையத் தெரியுமா? கல்லறைக் கல்லு வெட்டுதவன். நல்ல கை. அவனையும் இன்னும் நாலு பேரையும் கூட்டியாந்து, கடப்பாரை போட்டு நெம்பித் திருப்புனோம். மேல் பக்கம் தொவைச்சுத் தொவைச்சு குழி விழுந்து போச்சு, அதுல வெட்ட முடியாது. அடிப்பக்கம் நல்ல பரப்பு. கழுவி விட்டா, பூராவும் எழுத்து. தமிழ் எழுத்துதான், ஆனா கோணல்மாணலா, படிக்காதவன் எழுதுனது கணக்கா. சூசை அதப் பாத்துட்டு நின்னுட்டான். 'அண்ணாச்சி, இது பழைய எழுத்துல்லா, ஆருகிட்டயாவது காட்டிட்டு அழிப்பமா?'ங்கான். நான் சொன்னேன், ஏலே, ஊர்ல எல்லாத்துலயும் எல்லாரு பேரும் இருக்கு, எங்கய்யா பேரு மட்டும்தான் எதுலயும் இல்ல. அழி. ஒரு புள்ளி இருக்கப் பிடாது, கண்ணாடி கணக்கா இருக்கணும்.

ராஜகனி பக்கத்துல குத்த வச்சு உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டி வாசிக்கா. 'இந்தா, பொம்பளை பேராத்தான் இருக்கு'ங்கா. பேரு இல்லாத பொம்பளை எவ இருக்கா, எந்தியேட்டி, தூசி கண்ணுல அடிக்கும்னேன். சூசை மிஷினப் போட்டான். தெரு பூராவும் வெள்ளைத் தூசி. எனக்கு இருமல் வந்துட்டு. எங்கய்யா நெனப்பு வந்துட்டு டீச்சர். நெசமா அழுதுட்டேன்.

போன வாரம்தான் வேலை முடிஞ்சுது. வாங்க, காட்டுதேன். பாத்து வாங்க, தரை வழுக்கும். ராஜகனி, அந்தச் சாக்க எடுத்துப் போடு.

பாத்தியளா!

'இந்த இடத்தில் நின்ற உப்புக் கிட்டங்கியை இடித்தவர் பலவேசம்'. வாசிங்க, சத்தமா வாசிங்க. எழுத்துக்கு உள்ள தங்கப் பெயிண்டு நானே என் கையால அடிச்சேன். அவனுவ கல்லுல இருக்க தங்கத்தவிட நல்லா மின்னுதுல்லா? ஞாயித்துக்கிழமை லோடு ஆட்டோ சொல்லியிருக்கேன். நீங்களே போயி மச்சாது சார்கிட்ட சொல்லிருங்க. எவனும் தடுக்கப் பிடாது, தடுத்தா நான் அங்கனயே படுத்துருவேன்.

என்ன டீச்சர்? ஏன் அப்பிடியே உக்காந்துட்டிய? சேலை நனையுது பாருங்க. ராஜகனி, தண்ணி கொண்டா.

என்னது அது, போட்டாவா? பழைய போட்டா. கிட்டங்கிதான் இது. கிட்டங்கி முத்தம். கிணறு. கிணத்து மேட்டுல... ஆமா. இந்தக் கல்லுதான். இதேதான். நட்டு வச்சிருக்கு. எழுத்து தெரியலயே, எல்லாம் புள்ளி புள்ளியாத்தான தெரியுது.

என்ன சொல்லுதிய? மெதுவாச் சொல்லுங்க.

மச்சாது சாரு அனுப்பலயா? நீங்களாவா தேடி வந்திய? இந்தக் கல்லையா? இடிச்சவரு வீட்டுல கெடக்கும்னு நெனச்சா?

உப்புப் பெட்டி சொமந்த பொம்பளையளுக்கு அங்கன குடிக்கத் தண்ணி கெடையாதாம். கணக்கப்பிள்ளைக்கும் தொரைக்கும் மட்டும்தான் பானைத் தண்ணியாம். அவளுவளே கூலியில பிடிச்சுச் சேத்து, வேலை முடிஞ்ச பெறகு அவளுவளே தோண்டுன கிணறாம். எந்தச் சாதிக்காரனும் எறைக்கலாம்னு எழுதி, தோண்டுனவ பேரு அம்புட்டையும் வெட்டி வச்ச கல்லாம். இதுக்கு முன்னால கூலிக்காரப் பொம்பளைய பேரு வெட்டுன கல்லு நீங்க ஒண்ணுகூடப் பாத்ததில்லயா? போட்டாவுல பேரு வாசிக்க முடியல, கல்லு கெடைச்சா போதும்னு பத்து வருசமாத் தேடுதியளா?

சரி. இருக்கட்டும். அதுக்கு நான் என்ன செய்ய?

என்ன? திரும்பச் சொல்லுங்க.

கல்லு கெடைச்சா ஏழு மாடி வாசல்ல நட்டு, கீழ... கீழ 'இதை அழியாமல் காத்தவர் பலவேசம்'னு போடணும்னு விழாக் கமிட்டியில பேசி, எல்லாரும் சரின்னு சொல்லிட்டாவளா? மச்சாது சாருமா?

அது எப்போ? போன மாசமா?

போன மாசம் முடிவு பண்ணுனத இன்னைக்கி வந்து சொல்லுதியளே டீச்சர்! என்ன படிப்பு படிச்சிய நீங்க? போன மாசம் வந்திருக்கப் பிடாதா? போன வாரமாவது வந்திருக்கப் பிடாதா? வீடு தெரியலன்னா கேக்கணும். இடிப்பு பலவேசம் வீடுன்னா இந்தத் தெருவுல எந்த நாயும் காட்டும். இங்க வந்தும் வாயத் தொறந்து சொன்னியளா? வாசல்லயே சொல்ல வேண்டியதுதான? நான் பாட்டுக்குப் பேசுதேன், நீங்க பாட்டுக்குக் காப்பி குடிச்சிக்கிட்டு இருக்கிய. நான் பேச விடலயா? நல்லாருக்கு. ஒரு மனுசன் மனசுல கெடக்கதச் சொன்னா அது உங்களுக்குத் தப்பு. அந்த மச்சாது, அவனாவது நேராச் சொன்னானா? பொம்பளைய கல்லு ஒண்ணு தேடுதோம்னு சொல்லியிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா? சாமான் கெடக்கா, சாமான் கெடக்கான்னா? இது சாமானா?

சூசைப் பய. அவனச் சொல்லணும். ஆருகிட்டயாவது காட்டுவமான்னு கேட்டவன், காட்டிட்டுத்தான் அழிப்பேன்னு நிக்க வேண்டியதுதான? நான் சொன்னா அழிச்சிருவானா?

என்ன செய்யுதிய? தடவாதிய. அங்கன ஒண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன். கண்ணாடி கணக்கா இருக்கணும்னு நான்தான... இருங்க, நானும் பாக்கேன். இந்த ஓரத்துல ஒரு கீறல் இருக்கு. இது எழுத்தா? இல்ல. கடப்பாரை பட்டது. இந்தப் பக்கம்... இல்ல. நல்லா வேலை செஞ்சிருக்கான் சவத்து மூதி.

அவகிட்ட என்னத்தக் கேக்கிய டீச்சர்? அவளுக்கு என்ன தெரியும்? எங்கிட்டக் கேளுங்க. கிட்டங்கியப் பத்தி, கிணத்தப் பத்தி என்ன வேணும்னாலும் எங்கிட்டக் கேளுங்க, நான் சொல்லுதேன்.

ஏட்டி, என்ன சொல்லுத?

பொன்னுத்தாயா? அது உங்க ஆத்தா பேருல்லா? அது கல்லுல இருந்துச்சா? அதனால ஞாபகம் இருக்கா? சரி. வேற? சந்தனமாரி. முத்துவடிவு. இன்னொண்ணு ஆரு, எசக்கியம்மையா? நல்லா யோசிச்சுச் சொல்லுட்டி, டீச்சர் கேக்காவள்லா. வரிசையா இருந்துச்சுங்க, அதுக்குப் பெறகு? அதுக்குள்ள நான் எந்தியின்னு சொல்லிட்டனா? தூசி அடிக்கும்னுதான சொன்னேன், உன் கண்ணுக்காவத்தான சொன்னேன்.

நாலுதான் தெரியுமா?

எழுதிக்கிடுதியளா? போட்டாவுக்குப் பின்னாலயா? எழுதுங்க, எழுதுங்க. பொன்னுத்தாய், சந்தனமாரி, முத்துவடிவு, எசக்கியம்மை. நல்ல எழுத்து உங்களுக்கு. அவ சொல்லச் சொல்ல எழுதிட்டிய.

டீச்சர், அதுல கீழ கொஞ்சம் எடம் இருக்குல்லா? நான் பெருசா ஒண்ணும் கேக்கல. காத்தவர்னு போட வேண்டாம். இடிச்சவர்னும் வேண்டாம். அந்த மனுசன் அம்பது வருசம் அதக் காப்பாத்திதான டீச்சர் வச்சிருந்தாவ? போன வாரம் வரைக்கும் அது அப்பிடியேதான கெடந்துச்சு? சும்மா பேரு மட்டும் எழுதிக்கிடுங்க. பலவேசம். அஞ்சு எழுத்துதான்.

டீச்சர், ஏன் பேனாவ மூடுதிய?